கேட்டு வைத்த கரண்ட்

தேரிக்காட்டுச் செம்மண் தொடங்குகிற இடத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியில் அந்த நாட்களில் சுவிட்சைப் போட்டால் விளக்கு மறுநாள்தான் எரியும். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் ஊரில் அரசாங்க பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று நாங்கள் கேட்டோமா? கல்லூரியைக் கட்டியவர்கள் மண்ணுக்குள் ஈயத்தோல் போர்த்திய கேபிளைப் பதித்து முதல் விளக்கை ஏற்றியபோது அது போட்ட கையோடு எரிந்தது என்றுதான் பழையவர்கள் சொல்கிறார்கள். பிறகு கண் இமைக்கிற நேரம் தாமதமாயிற்று, பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற நேரம், பிறகு ஒரு பாடவேளை, பிறகு ஒரு பொழுது. வயதான மாடு வண்டியை இழுக்கிற மாதிரி கரண்ட் வருடா வருடம் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தது. ஒவ்வொரு முதல்வரும் இது தனக்கு முந்தியவரின் கோளாறு என்று நம்பினார், இயற்பியல் துறைக்காரர்கள் கருவிகளைக் கொண்டுவந்து அளந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள், கடைசியில் அவர்களும் எல்லோரையும் போல நாளைய ஃபேனை இன்றைக்கே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குக் கேட்டு வைப்பது என்று பெயர். நாளைக்கு வேண்டிய வெளிச்சத்தை இன்றைக்குக் கேட்டு வைக்க வேண்டும். முதல் வருடப் பிள்ளைகள் பெட்டியை இறக்கி வைப்பதற்கு முன்னாலேயே மூத்த பிள்ளைகள் அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நேற்று உட்கார்ந்து படித்தவளின் விளக்கு இன்று காலியான அறையில் அவளுக்காக எரியும், மாற்றலாகிப் போன வாத்தியாரின் ஃபேன் ஆளில்லாத நாற்காலிக்குக் காற்று வீசும். கணிதத் துறையில் ஒருவர் மாரடைப்பில் போய்ச்சேர்ந்த மறுநாள் அவர் மேசை விளக்கு எரிந்தது, அது அணையும்வரை அந்த வராந்தாவில் எல்லோரும் எழுந்து நின்றோம். ஊழியர் குடியிருப்பில் புதிதாகக் கல்யாணமான நூலகர் ஒருவர் விளக்கை அணைக்க நேரம் கணக்குப் போட்டுத் தோற்றுப்போய் ஜன்னலுக்கு ஜமுக்காளம் கட்டிய கதையைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் அவரை ஓட்டுகிறோம்.

ஒரே ஒரு சங்கடம் உண்டு. எல்லோரும் ஒரே சமயத்தில் நிறையக் கேட்டால் எல்லோருடையதும் பிந்தும், ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் கேட்டவருக்கு முன்னால், பின்னால் கேட்டவருக்குப் பின்னால். ஒரு முறை ஆண்டு விழாவுக்கு முதல்நாளே மைதானம் முழுக்கச் சரவிளக்குக் கேட்டு வைத்தோம், விழா இருட்டில் நடந்தது, சிறப்பு விருந்தினர் டார்ச் வெளிச்சத்தில் பொன்னாடை வாங்கிக்கொண்டு போனார், எல்லோரும் ஊருக்குப் போனபிறகு ஒரு மத்தியானத்தில் நாலைந்து ஆடுகளுக்கு முன்னால் சரவிளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது.

சிரிப்பெல்லாம் செல்லையாவோடு போயிற்று. செல்லையா எங்கள் எலக்ட்ரீஷியன். மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று நம்பி ஒரு பெட்டிக்குள் கையை விட்டான். முதல்நாள் யாரோ கேட்டு வைத்த கரண்ட் அப்போதுதான் வந்து சேர்ந்தது. யார் கேட்டது என்று கேட்டபோது கல்லூரியே வாயை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு மெயினை அணைத்தால் ஒரு முழுநாள் காத்திருந்துவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும் என்று வழக்கம் வந்தது. வழக்கம் வந்து என்ன செய்ய, ஆள் வரவில்லையே. செல்லையாவின் தங்கை தங்கபுஷ்பம் பெண்கள் விடுதிச் சமையலறைக்குத் தலைமை. அவள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு தட்டாகச் சோறு போடும்போது ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள், உன்னுடையதா, உன்னுடையதா என்று. அவள் புருஷன் சுடலைமாடன்தான் செல்லையாவுக்குப் பிறகு எங்கள் எலக்ட்ரீஷியன் ஆனவன்.

இப்படியே போயிருக்கும், ஆனால் கேபிள் கொதிக்க ஆரம்பித்தது. அது போகிற தடத்தில் புல் கருகி, மைதானத்தின் குறுக்கே யாரோ தீயால் கோடு இழுத்த மாதிரி ஒரு வரி விழுந்தது. மார்கழிக் குளிரில் ஊர் நாய்களெல்லாம் அந்தக் கோட்டின்மேல் வரிசையாகப் படுத்தன. பங்குனியில் பெண்கள் விடுதிச் சுவரோரம் மண் புகைந்தது. மேலே அத்தனை பிள்ளைகள் தூங்குகிறார்கள், கீழே மண் புகைகிறது, இனியும் சும்மா இருக்க முடியுமா? புது டிரான்ஸ்பார்மர் வந்தது, புது கேபிள் வந்தது, பொறியாளர் வெண்மதி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். நாங்கள் சொன்னதை அவள் முதல்நாள் நம்பவில்லை, இரண்டாம் நாள் தன் அறை விளக்கைப் போட்டுப் பார்த்தாள், மூன்றாம் நாள் எங்களைப் போலக் கேட்டு வைக்கக் கற்றுக்கொண்டாள். பழைய கேபிளுக்குப் பக்கத்திலேயே புதியது பதிக்கப்பட்டு, கட்டடங்களுக்குப் போகிற முனைகள் தயாராகி, ஒரே ஒரு வேலைதான் பாக்கி நின்றது. கட்டடங்களைப் புதியதோடு இணைப்பதற்கு முன்னால், விடுதிக்கு எதிரே தோண்டிய பள்ளத்தில் யாராவது இறங்கிப் பழைய கேபிளை அறுக்க வேண்டும். அந்த யாராவது சுடலைமாடன்தான்.

வெள்ளிக்கிழமை மெயினை அணைப்பது, சனிக்கிழமை முழுக்க விட்டுவிடுவது, ஞாயிறு காலையில் அறுப்பது, திங்கட்கிழமை தாளாளரை வைத்துப் புது லைனைத் திறப்பது. முதல்வர் கிருபாகரன் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பி, யாரும் எதையும் கேட்டு வைக்கக் கூடாது என்று அடிக்கோடும் போட்டிருந்தார்.

அங்கேதான் நாங்கள் எங்கள் புத்தியைக் காட்டினோம். நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்று சொன்னால் நம் ஊரில் என்ன செய்வோம்? குடம், அண்டா, வாளி, கடைசியில் டம்ளர்வரை பிடித்து வைப்போம். கரண்ட் இருக்காது என்று சொன்னதும் அதேதான் நடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவரும் ஒன்றைக் கேட்டு வைத்தோம். ஒரு ஃபேன்தானே, ஒரு செல்போன்தானே, வெள்ளிக்கிழமை கேட்டது சனிக்கிழமை வந்துவிடும், அவன் அறுப்பது ஞாயிறுதானே என்று ஒவ்வொருவரும் தன் ஒன்றை மட்டும் கணக்குப் போட்டோம். தங்கபுஷ்பமும் போட்டாள். கூடப்பிறந்தவனைக் கரண்டுக்குக் கொடுத்தவள் அவள், ஆனாலும் இருநூறு பிள்ளைகளுக்கு மாவு ஆட்ட வேண்டுமே என்று பெரிய கிரைண்டரின் சுவிட்சைத் தட்டிவிட்டாள். வியாழக்கிழமை கேட்டதெல்லாம் வெள்ளியன்று வந்து தீர்ந்தது. சனிக்கிழமை ஒன்றுமே வரவில்லை. மெயினை அணைத்ததில் நம்முடையது வீணாகிப் போயிற்று போல என்று எல்லோரும் மனதுக்குள் சலித்துக்கொண்டோம், கூடாது என்றதைச் செய்தவர்கள் வாய்விட்டா சலித்துக்கொள்ள முடியும்? கரண்ட் எங்கேயும் போகவில்லை. கேட்டவர்கள் கூட்டம் தாங்காமல் மண்ணுக்குள் மெல்ல மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடலைமாடன் பள்ளத்தில் இறங்கினான். பள்ளத்தைச் சுற்றிக் கல்லூரியே நின்றது. வெண்மதி டெஸ்டரை நீட்டினாள், அவன் வைத்துப் பார்த்தான், ஒன்றுமில்லை. மேலே சுற்றியிருந்த இரும்புப் பட்டையை அறுத்து உரித்தான், உள்ளே ஈயம் மங்கலாகத் தெரிந்தது. அதற்கும் உள்ளேதான் கம்பி. அவன் ஹேக்ஸாவுக்குப் புது பிளேடு மாட்டினான்.

சமையலறையில் தங்கபுஷ்பம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புருஷன் பள்ளத்துக்குள் நிற்பதைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் கிரைண்டர் ஒரு முறை முனகியது, பிறகு கல் தானாகச் சுற்றியது.

கீரைத் தட்டு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. செருப்பில்லாத காலோடு அவள் ஓடிவந்த ஓட்டத்தில் கூட்டம் தானாக விலகியது.

"ஏங்க! கைய எடுங்க! கரண்டு இன்னும் வந்துக்கிட்டு இருக்கு!"

பிளேடு ஈயத்தில் பட்டும் படாமலும் நின்றது. "என்ன பிள்ள சொல்லுத? மெயின அணைச்சி ரெண்டு நாளாச்சுல்லா?"

"என் கிரைண்டர் இப்பதான் சுத்துது. வெள்ளிக்கெழம கேட்டு வச்சது."

"நீயா கேட்டு வச்ச?"

"நான்தான். ஏசணும்னா மேல வந்து ஏசுங்க. மொதல்ல வெளிய வாங்க."

அவன் கையை ஊன்றி மேலே ஏறி வந்தான். ஏசவில்லை. ஹேக்ஸாவைத் தரையில் வைத்தான்.

"டெஸ்டரு இப்ப இருக்கறதத்தானுங்க காட்டும்," என்றாள் வெண்மதி மெதுவாக. "வரப்போறதக் காட்டாதுங்க." பிறகு கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டாள்: "வேற ஆருங்க கேட்டு வச்சிருக்கீங்க?"

செல்லையா செத்த அன்று இருந்த அதே மௌனம். முதல்வர் கிருபாகரன் தொண்டையைச் செருமினார். "நான் தெளிவா எழுதி அனுப்பியிருக்கேன். எங்க ஆளுங்க அப்படிச் செய்ய மாட்டாங்க."

அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் வேதியியல் கட்டடத்தில் ஒரு ஃபேன் சுற்றத் தொடங்கிய சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. வேதியியல் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு, "என்னுதுதான்," என்றார். அதன்பிறகு உடைப்பெடுத்தது. விடுதிப் பிள்ளைகள் அழுதுகொண்டே கையைத் தூக்கினார்கள், ஒருத்தி முடி உலர்த்தும் மெஷின், ஒருத்தி அயர்ன் பாக்ஸ், வரிசையாகச் செல்போன் செல்போன் செல்போன். நூலகர் கையைத் தூக்கினார், கேன்டீன்காரர் கையைத் தூக்கினார், நாங்களெல்லாம் தூக்கினோம், தூக்காத கை ஏதாவது இருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்களுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. கடைசியாக முதல்வரும், "என் ரூம்ல ஒரு ஏசி மட்டும்," என்று கையைப் பாதி தூக்கினார். சிரிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு காத்திருந்தோம். கரண்ட் ஒவ்வொன்றாக வந்தது. வருகிறபோது பள்ளத்துக்குள் கேபிள் லேசாக ரீங்கரிக்கும், சற்றுப் பொறுத்து ஏதோ ஒரு ஜன்னலில் விளக்கு எரியும், கேட்டவர் எழுந்து, "வந்துட்டு, என்னுது வந்துட்டு," என்று சொல்லிவிட்டு உட்காருவார். சுடலைமாடன் பள்ளத்தின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். வெயில் ஏறியது. மின்வாரியம் புது லைனை இணைக்கக் கொடுத்திருந்த அவகாசம் சாயங்காலத்தோடு முடிகிறது, மறுபடி கேட்டால் பரீட்சையெல்லாம் முடிந்துதான் கிடைக்கும், அதுவரை அந்தச் சுவரோர மண் பொறுத்துக்கொள்ளுமா என்று யாருக்கும் தெரியாது. உச்சிப்பொழுதில் முதல்வரின் ஏசியும் வந்து ஓடி நின்றது. கையைத் தூக்கிய எல்லோருடையதும் வந்தாயிற்று. கேபிள் அமைதியாகக் கிடந்தது.

"எல்லாம் வந்தாச்சு," என்றார் முதல்வர். "சுடலை, எறங்கு. நேரமாகுது."

சுடலைமாடன் இறங்கினான். அவன் பின்னாலேயே தங்கபுஷ்பம் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கி, ஈயத்தின்மேல் வலது கையை விரித்து வைத்தாள்.

"ஏ பிள்ள, மேல போ."

"போக மாட்டேன். நீங்க அறுக்குத வரைக்கும் எங் கை இங்கதான் இருக்கும்." அவள் அண்ணாந்து எங்களைப் பார்த்தாள். தட்டில் சோறு போடும்போது பார்க்கிற அதே பார்வை. "இன்னும் யாருதாவது வரணும்னா இப்பவே சொல்லிருங்க."

இரண்டு பெண்பிள்ளைகள் விசும்பினார்கள்.

"அதான் வந்தாச்சுன்னு சொல்றேனேம்மா," என்றார் முதல்வர்.

"உங்களுக்கு நல்லாத் தெரியுமா சார்?"

"தெரியும்."

"அப்பம் எறங்கி வந்து நீங்களும் ஒரு கை வைங்க."

கூட்டம் அவரைப் பார்த்தது. கெட்ட மனுஷர் இல்லை கிருபாகரன். பெயர் கெட்டுவிடுமோ என்று பயந்து பயந்தே தலை நரைத்தவர். அவர் செருப்பைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார், வெண்மதி கைகொடுக்கப் பள்ளத்தில் இறங்கினார். குனிந்து கையை நீட்டினார். கை கேபிளுக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது. நாங்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கை இறங்கவுமில்லை, திரும்பவுமில்லை. அவர் நெற்றி வேர்வை சொட்டி ஈயத்தில் விழுந்தது.

"அறுக்காதே," என்றார், யாருக்கோ ரகசியம் சொல்வது போல. "இன்னும் ஒண்ணு இருக்கு."

"என்னது சார்?"

"அரங்கத்து விளக்கு. மைதானத்து ஃப்ளட்லைட்டு. எல்லாம். மெயின் அணைக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நானே போட்டேன்." நீட்டிய கையை மார்போடு சேர்த்துக்கொண்டார். "நாளைக்குத் தாளாளர் பட்டனை அமுக்கும்போது புது லைன் எரியலைன்னா? ஒருவேளை எரியலைன்னா? அதான் பழசுலேயே கேட்டு வச்சேன், அத்தனையையும் ஒண்ணாக் கேட்டு, பிந்திப் பிந்தி அந்த நேரத்துக்கு வந்து சேர்ற மாதிரி. இதுக்குள்ள இந்த இடத்தத் தாண்டி அரங்கத்துச் சுவருக்குள்ள போயிருக்கும்னு நெனச்சேன். சத்தியமா தாண்டியிருக்கும்னுதான்..."

காலையிலிருந்து அவருக்கு அது சரியான கணக்காகத்தான் இருந்தது, கை சுடலைமாடனுடையதாக இருந்தவரை.

கேபிள் ரீங்கரிக்கத் தொடங்கியது. இதுவரை கேட்ட ரீங்காரம் இல்லை, பள்ளத்து மண் சரசரவென்று உதிர்ந்தது. தங்கபுஷ்பம் ஒரு கையால் புருஷன் சட்டையையும் இன்னொரு கையால் முதல்வரின் சட்டையையும் கொத்தாகப் பற்றினாள், மேலே நின்றவர்கள் கிடைத்த கையைப் பிடித்து இழுத்தோம், மூன்று பேரும் செம்மண்ணோடு மேலே வந்து விழுந்தார்கள். அடுத்த நொடி அரங்கத்தின் எல்லா ஜன்னல்களும் எரிந்தன, மைதானத்தின் நாலு மூலையிலும் ஃப்ளட்லைட் எரிந்தது, சித்திரை வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில் அந்த வெயிலையும் வெளிறச் செய்துகொண்டு எரிந்தது, எங்களுக்குக் காலடியில் நிழல் இல்லாமல் போயிற்று. பள்ளத்துக்குள் ஈயம் உருகிச் சொட்டுவதைப் பார்த்தோம். அறுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சுடலைமாடன் தரையில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான், தங்கபுஷ்பம் அந்தக் கைகளைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

வெகுநேரம் எரிந்துவிட்டு ஒவ்வொரு விளக்காக அணைந்தது. முதல்வர் தனியாக நின்றார், அவர் பக்கத்தில் போக யாருக்கும் மனம் வரவில்லை. தங்கபுஷ்பம்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம், அடித்திருந்தால் தடுத்திருக்கவும் மாட்டோம்.

"எங்க அண்ணனுக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கல சார்," என்றாள். "நீங்க பிந்தியாவது தொறந்திய."

மண் ஆறியதும் சுடலைமாடன் ஹேக்ஸாவை எடுத்துக்கொண்டு, ஈயம் உருகாத பக்கமாகப் பார்த்து இறங்கினான். யாரும் கூப்பிடாமலே முதல்வர் இறங்கினார், முழங்காலிட்டுக் கேபிளின்மேல் கையை வைத்தார், இந்த முறை கை நிற்காமல் போய் உட்கார்ந்தது. ஆனால் அது உதறிக்கொண்டிருந்தது, ஈயத்தில் விரல்கள் தாளம் போட்டன. வேதியியல் வாத்தியார் இறங்கினார். நூலகர் இறங்கினார். விடுதிப் பிள்ளைகள் இறங்கினார்கள். பள்ளத்தில் இடம் போதாமல் மேலேயிருந்து குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிட்டோம், கேபிளை எட்டாதவர்கள் எட்டியவர்களின் தோளைத் தொட்டுக்கொண்டோம். வெண்மதி, "அத்தன பேரும் வேண்டாமுங்க, எந்திரிங்க," என்று சொல்லிப் பார்த்துவிட்டுத் தானும் குனிந்து வைத்தாள்.

தங்கபுஷ்பம் கடைசியாக வந்தாள். முதல்வரின் நடுங்குகிற கையைப் பார்த்தாள். அதன்மேல் தன் கையை வைத்து, அது அசையாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ம், அறுங்க," என்றாள் புருஷனிடம்.